காசநோய் மருந்தும் ஆறு மாத ஒழுங்கும்

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள கழக்கூட்டம் ஒரு தலைமுறைக் காலத்தில் பெரிதும் மாறிவிட்ட ஊராகும். 1962ஆம் ஆண்டில் இங்குச் சைனிக் பள்ளி தொடங்கப்பெற்றது. 1990ஆம் ஆண்டில் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் இங்கு அமைந்தது. அதன்பின் அடுக்குமாடிக் கட்டடங்களும் மேம்பாலங்களும் எழுந்த வண்ணமுள்ளன. இக்கட்டடங்களை எழுப்பும் கைகளில் பெரும்பாலானவை மேற்கு வங்கம், அசாம், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவை. கேரளத்தில் இவர்களை ‘அதிதித் தொழிலாளர்’, அதாவது விருந்தினராய் வந்த தொழிலாளர், என்று மதிப்புடன் அழைப்பர். கழக்கூட்டத்திற்கு அண்மையிலுள்ள ஸ்ரீகார்யத்தில் இயங்கும் குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கேரளத்தில் இத்தகையோர் 25 லட்சத்திற்கு மேல் உள்ளனர் என மதிப்பிட்டது.

காசநோய் குறித்த கட்டுரையைக் குடிபெயர்ந்த தொழிலாளரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே நுரையீரல் காசநோய் நாடு முழுவதும் லட்சத்திற்கு 316 என்ற அளவில் இருந்தது. கேரளத்தில் அது 115 மட்டுமே. கணக்கெடுக்கப்பட்ட மாநிலங்களுள் இதுவே மிகக் குறைவு. நோய் குறைவாக உள்ள மாநிலத்திற்கு, நோய் மிகுந்த மாநிலங்களிலிருந்து உழைப்பாளர் வருகின்றனர். நெருக்கமான அறைகளில் தங்குகின்றனர். பணி முடிந்ததும் வேறிடம் செல்கின்றனர். அவர்களால் நோய் வருகிறது என்று பழி கூறுவது எளிது. ஆனால் அது உண்மையின் ஒரு பகுதிகூட அன்று. குறைந்த கூலி, குறைந்த உணவு, காற்றோட்டமற்ற இருப்பிடம் ஆகியவற்றாலேயே நோய் வளர்கிறது. இவ்விருப்பிடங்களை அமைத்துத் தருவது பெறும் ஊரேயன்றி அனுப்பும் ஊரன்று. நிற்க, இக்கட்டுரையின் நோக்கம் நோய் எவ்வாறு வருகிறது என்பதைவிட, மருந்து கைக்கு வந்த பின் அதை எவ்வாறு உட்கொள்ள வேண்டும் என்பதை ஆராய்வதேயாகும்.

ஒரு மருந்து ஏன் போதாது?

எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய இந்நோய்க்குக் காரணமான நுண்கிருமியை இராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். ஆயின், அக்கிருமியைக் கொல்லும் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைக்க 1943ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதனை முறைப்படி சோதித்து 1948இல் முடிவுகளை வெளியிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தோர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தோர் 14 பேர். வெற்றி என்றே அனைவரும் கருதினர். ஆனால் மருந்து பெற்றோர் பலரின் சளியில், சில மாதங்களிலேயே, அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றலாயின. ஆண்டுகள் செல்லச் செல்ல, தொடக்கத்தில் கண்ட நன்மை பெருமளவு கரைந்துவிட்டது.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நுரையீரலில் நோயால் உண்டாகும் ஒரு குழியில் ஏறத்தாழ 10 கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும். ஐசோனியசிட் என்னும் மருந்துக்கு இயற்கையாகவே அடங்காத கிருமி, சுமார் 10 லட்சத்தில் ஒன்று என்ற விகிதத்தில் தோன்றுகிறது. அதாவது மருந்தின் முதல் மாத்திரையை விழுங்கும் முன்னரே அக்குழியில் அதற்கு அடங்காத 100 கிருமிகள் உள்ளன. அம்மருந்தை மட்டும் கொடுத்தால் ஏனையவை மடியும், இந்நூறும் பெருகும். ரிபாம்பிசினுக்கு அடங்காத கிருமியோ 10 கோடியில் ஒன்று. இவ்விரு மருந்துகளுக்கும் ஒருங்கே அடங்காத கிருமி தோன்றும் வாய்ப்பு, இரு விகிதங்களின் பெருக்கற்பலனாகும். அஃதாவது 100 லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமிகள் எந்த மனித உடலிலும் இல்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் முழுத் தத்துவமும் இப்பெருக்கலில் அடங்கியுள்ளது. நோயாளி தம் விருப்பம்போல் ஒரு மாத்திரையை விட்டு மற்றொன்றை மட்டும் உட்கொள்வது, இக்கணக்கைக் கலைத்துவிடுகிறது.

பல மருந்துகளை ஒரே மாத்திரையில் இணைத்தமைக்கும் இதுவே காரணம். 2017ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் அரசு வழங்கும் மாத்திரையில் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புடால் ஆகிய நான்கும் உள்ளன. முதல் இரண்டு மாதங்களுக்கு இந்நான்கும், அடுத்த நான்கு மாதங்களுக்குப் பைரசினமைடு நீங்கலாக மூன்றும் நாள்தோறும் தரப்படுகின்றன. 28 நாள்களை ஒரு மாதமாகக் கொண்டு கணக்கிட்டால், முதற்கட்டத்தில் 56 வேளை, அடுத்த கட்டத்தில் 112 வேளை, ஆக மொத்தம் 168 வேளை. ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது. 2 முதல் 6 வரை அது வேறுபடும். ஆதலால் ஒருவருக்கு எழுதித் தந்த அளவை அறைத் தோழர் பின்பற்றுவது தவறு. சிகிச்சையின்போது எடை கூடினால் மாத்திரையின் எண்ணிக்கையும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு மாதமும் எடை பார்ப்பது வெறும் சடங்கன்று.

சென்னையில் பிறந்த பாடம்

இன்று கழக்கூட்டத்தில் ஒரு தொழிலாளி தம் அறையில் தங்கியபடியே மருந்துண்டு நலம் பெற முடிகிறதென்றால், அதற்கு அடித்தளமிட்டது சென்னை மாநகரமாகும். 1946ஆம் ஆண்டின் போர் குழு அறிக்கை, நாட்டில் 25 லட்சம் காசநோயாளிகள் உள்ளனர் என்றும், அவர்களுக்காக உள்ள படுக்கைகள் சுமார் 6,000 மட்டுமே என்றும் கூறியது. ஒரு படுக்கைக்கு 400க்கும் மேற்பட்டோர்! ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுத்து ஓய்வெடுப்பதே சிகிச்சை என்ற மேலைநாட்டு முறையை நாம் பின்பற்றியிருப்போமாயின், ஐந்தாண்டுத் திட்டங்களின் நிதி முழுவதும் கட்டில்களுக்கே போயிருக்கும்.

1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் இதன் ஆராய்ச்சிப் பணிக்குத் தலைமை தாங்கினார். நகரின் ஏழை மக்களிடையே 200க்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறுபகுதியினருக்கு ஆரோக்கிய நிலையத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர். நிலையத்தில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர் நெரிசலான குடியிருப்பில், குறைந்த உணவுடன், பலரும் வேலைக்குச் சென்றவாறே மருந்துண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. கிருமி அடங்கியோர் வீட்டுப் பிரிவில் 100க்கு 86; நிலையப் பிரிவில் 100க்கு 92. வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

இவ்வாய்வின் மற்றொரு பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோயாளிகள் மருந்தை உண்மையிலேயே உட்கொள்கின்றனரா என்பதை அறிய, முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். மருந்தைக் கொடுப்பது வேறு, அது வயிற்றுக்குள் செல்வது வேறு என்ற உண்மையை இம்மையம் அன்றே உணர்ந்திருந்தது. நேரடிக் கண்காணிப்பில் வாரம் இருமுறை மருந்து தரும் முறையை 1960களில் சோதித்ததும் இதுவே. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், 1997 முதல் விரிவாக்கப்பட்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை ஆகிய இரண்டிலும் சென்னையின் முத்திரையைக் காணலாம். அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

சென்னை ஆய்வைக் காட்டி ‘உணவு முக்கியமன்று’ எனச் சிலர் வாதிடுவதுண்டு. இது முழுமையான வாசிப்பன்று. கிருமியைக் கொல்வதற்கு மருந்தே போதும் என்பதைத்தான் அவ்வாய்வு காட்டிற்று. ஜார்க்கண்டில் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வோ, நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்கியபோது அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. சிகிச்சையின் முதலிரு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது. கிருமியைக் கொல்வது மருந்து. ஆளைக் காப்பதில் உணவுக்கும் பங்குண்டு. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இவ்வடிப்படையில்தான் நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 முதல் வழங்கப்பட்டு வந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவதால், கணக்கு இல்லாத அல்லது பயன்பாட்டில் இல்லாத தொழிலாளர் முதலில் அதனைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கட்டடப் பணி மேற்பார்வையாளர் ஒரு நாள் கூலியோடு விடுப்புத் தந்தால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் இது.

உட்கொள்ளும் முறை

மாத்திரைகள் அனைத்தையும் ஒரே நேரத்தில், இயன்றவரை வெறும் வயிற்றில், நாள்தோறும் ஒரே வேளையில் உட்கொள்ள வேண்டும். காலையில் பணிக்குப் புறப்படுமுன் உட்கொள்வது பலருக்கு வசதி. குமட்டல் மிகுந்தால் மருத்துவரிடம் கூறிவிட்டு, இலேசான உணவுடன் உட்கொள்ளலாம், வேளைகளைப் பிரித்துக்கொள்ளலாகாது. வயிற்றெரிச்சலுக்கென்று கடையில் வாங்கும் புளிப்பகற்றி மருந்துகள் ஐசோனியசிட் உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இருமடங்கு உட்கொள்ளக் கூடாது. மருந்து தரும் பணியாளரிடம் தெரிவிப்பதே முறை.

முதல் நாளிலேயே நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ரிபாம்பிசினால் சிறுநீர், வியர்வை, கண்ணீர் ஆகியவை செம்மஞ்சள் நிறமடையும். இதில் தீங்கு ஏதுமில்லை. எனினும், மொழி தெரியாத ஊரில், விளக்கம் ஏதும் பெறாத ஒருவர், சிறுநீரில் குருதி போகிறது என்றெண்ணி இரண்டாம் நாளே மருந்தை நிறுத்திவிடக்கூடும். வங்காளத்திலோ இந்தியிலோ இரண்டு சொற்றொடர் கூறியிருந்தால் போதும், ஒரு சிகிச்சை காக்கப்பட்டிருக்கும்.

தீங்கற்ற மாற்றங்களும் ஆபத்தின் அறிகுறிகளும் வெவ்வேறானவை. கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் கருமை கலந்த பழுப்பாதல், தொடர் வாந்தி, பசி அறவே அறுதல் ஆகியவை கல்லீரல் பாதிப்பைக் காட்டுவன. ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக் கூடியவை. மது அருந்துவோர்க்கு இவ்வாபத்து கூடுதல். இந்நிலையில் மாத்திரைகளை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் சோதித்து, மருந்துகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவார். பார்வை மங்கினாலோ, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமற் போனாலோ அது எத்தாம்புடாலின் விளைவாக இருக்கலாம்; இதிலும் தாமதம் கூடாது. மூட்டு வலி பைரசினமைடால் வருவது, பெரும்பாலும் வலிநிவாரணியால் அடங்கும்.

கைகால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை ஐசோனியசிட்டால் வருவன. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் இம்மருந்தை உடலில் மெதுவாகச் சிதைப்பவர்கள் என்பதையும், அவர்களுக்கே நரம்புத் தொல்லை மிகுதி என்பதையும் சென்னை மைய ஆய்வுகள் காட்டின. பி6 வைட்டமினைச் சிறு அளவில் சேர்ப்பதால் இதனைத் தடுக்கலாம் என்பதையும் அவை நிறுவின. சிகிச்சையோடு தரப்படும் அச்சிறு மாத்திரையை ‘வெறும் சத்து மாத்திரை’ என ஒதுக்குவது சரியன்று.

ரிபாம்பிசின் பிற மருந்துகளின் ஆற்றலைக் குறைக்கும் இயல்புடையது. கருத்தடை மாத்திரை, குருதி உறையாமைக்கான மருந்து, சில நீரிழிவு மாத்திரைகள், எச்.ஐ.வி. மருந்துகள் சில ஆகியவை இதனால் வலுவிழக்கும். ஆதலால் தாம் உட்கொள்ளும் வேறு மருந்துகள் அனைத்தையும் நோயாளி தொடக்கத்திலேயே கூற வேண்டும். கேரளத்தைப் பொறுத்தவரை நீரிழிவைத் தனித்துச் சுட்ட வேண்டியுள்ளது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இம்மாநிலக் காசநோயாளிகளில் 100க்கு 44 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் பலருக்கு அது அதுவரை தெரிந்திருக்கவுமில்லை. குருதிச் சர்க்கரை கட்டுக்குள் வராமல் காசநோய் எளிதில் கட்டுப்படாது.

இரண்டாம் மாத முடிவில்

சிகிச்சையின் மிக ஆபத்தான கட்டம் நோயாளி நலமாக உணரும் கட்டமே. முதல் சில வாரங்களில் வேகமாகப் பெருகும் கிருமிகள் மடிகின்றன, காய்ச்சல் நீங்குகிறது, இருமல் குறைகிறது, பசி மீள்கிறது. ஆனால் உறங்கும் நிலையில் ஒடுங்கியிருக்கும் சில கிருமிகள் எஞ்சுகின்றன. எஞ்சிய நான்கு மாதங்களும் அவற்றுக்காகவே. நாட்கூலியைத் துறந்து மருத்துவமனைக்கு வருவதில் உள்ள இழப்பு நோயாளியின் கண்முன் நிற்கிறது. மருந்தை விடுவதால் வரும் இழப்போ பல மாதங்களுக்குப் பின், அதுவும் ஒரு பகுதி அடுத்த அறையில் உறங்குபவர் மீது விழுகிறது. தனியாரின் கணக்கும் சமுதாயத்தின் கணக்கும் இவ்வாறு வேறுபடும் இடத்தில், அறிவுரை மட்டும் பயன் தருவதில்லை. போக்குவரத்துச் செலவையும் கூலியிழப்பையும் குறைப்பதே அறிவுரையினும் வலியது என்பது என் கருத்து.

விட்டுவிட்டு உட்கொள்வதில் வேறோர் ஆபத்தும் உள்ளது. ரிபாம்பிசினைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டுத் தாமாகவே மீண்டும் தொடங்கினால், குளிர்காய்ச்சல், குருதித் தட்டணுக்கள் குறைதல், அரிதாகச் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை நேரலாம். பழைய அட்டையில் மீந்த மாத்திரைகளை எடுத்து விழுங்குவதற்கு முன் மருத்துவரைக் காண வேண்டியது இன்றியமையாதது.

ஐசோனியசிட், ரிபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத நோய் வந்துவிட்டால் சிகிச்சை கடினமாகிறது. முன்னர் இதற்கு 18 மாதங்களுக்கு மேல் பிடித்தது. பெடாக்விலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு மருந்துகளைக் கொண்ட ஆறு மாத முறைக்கு 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் அளித்துள்ளது. இது பெரும் முன்னேற்றமே. ஆனால் இம்மருந்துகளும் தீர்ந்துபோகும் செல்வமே. இருமலுக்கென்று கடையில் லீவோஃப்ளாக்சசின் வாங்கி ஐந்து நாள் உண்பவர், காசநோயைச் சிறிது காலம் மறைத்துவிடுகிறார்; அதே வகை மருந்தைப் பின்னாளில் பயனற்றதாக்கவும் வழி செய்கிறார். காசநோய் மருந்துகள் 2014 முதல் எச்1 அட்டவணையின் கீழ் வருவதால், மருந்துச்சீட்டைப் பதிவு செய்தே அவற்றை விற்க வேண்டும். கேரள அரசு 2024 ஜனவரியில் தொடங்கிய ‘ஆபரேஷன் அம்ருத்’, சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்கும் கடைகளைக் கண்டறியும் முயற்சியாகும்.

நோயாளியிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் அரசுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் சில மருந்துகளின் வழங்கலில் சிக்கல் எழுந்து, மாநிலங்கள் தாமே சிறிது காலம் கொள்முதல் செய்துகொள்ள மத்திய அரசு அனுமதிக்க நேர்ந்தது. 168 வேளைகளில் ஒன்றும் தவறலாகாது என்று தொழிலாளியிடம் கூறும்போது, 168 வேளைக்கான மருந்தும் கிடங்கில் இருத்தல் வேண்டும்.

ஊர் திரும்பும் போது

பண்டிகைக்கோ அறுவடைக்கோ ஊர் திரும்பும் தொழிலாளி, புகைவண்டி ஏறுமுன் செய்ய வேண்டியது எளிது. 2012இல் தொடங்கிய நிக்ஷய் பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு. சுகாதார நிலையத்தில் பயணத்தைத் தெரிவித்தால், அப்பதிவைச் சொந்த மாவட்டத்திற்கு மாற்றிவிடுவர். வழிக்கும் அதன்பின் சில நாள்களுக்கும் தேவையான மாத்திரைகளையும் பெற்றுக்கொள்ளலாம். நாட்டின் எந்தப் பொதுச் சுகாதார நிலையத்திலும் மருந்து இலவசம். ஐயம் எழுந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். அவ்வெண்ணையும் நிக்ஷய் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருப்பது நன்று. கைப்பேசி தொலையக் கூடியது.

அறையில் உடன் தங்கியவர்களையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லை என உறுதியான பின்னரே அவர்களுக்குத் தடுப்பு மருந்து தரப்படும். ஆறு மாதம் ஐசோனியசிட் நாள்தோறும், அல்லது ஐசோனியசிட்டும் ரிபாபென்டினும் வாரம் ஒருமுறை 12 வாரங்களுக்கு. நோய் உள்ளவருக்கு ஒரே மருந்தைத் தடுப்பு என்ற பெயரில் தருவது, முன்பு கண்ட நூறு கிருமிகளின் கதையை மீண்டும் தொடங்கிவைப்பதாகும்.

168ஆம் வேளை முடிந்த பின்னரும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை, இரண்டாண்டுகள் வரை, சோதனைக்கு வருமாறு விதிமுறை கூறுகிறது. நோய் மீள்வதாயின் பெரும்பாலும் இக்காலத்திலேயே மீளும். இதற்குள் கழக்கூட்டத்துக் கட்டடம் முடிந்திருக்கும். தொழிலாளி கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ வேறொரு கட்டடத்தின் மேல்தளத்தில் இருப்பார். அங்குள்ள நிலையத்தில் பழைய நிக்ஷய் எண்ணைக் காட்டினால், சோதனை அங்கேயே நடைபெறும்.